அக்காவின் அரைக்கரண்டி

பள்ளிக்கூடச் சமையலறைக்குள் தராசு வந்த அன்று, அதைக் கேஸ் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று என் அக்கா நினைத்துவிட்டாள். சிலிண்டரில் எடை குறைகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தவள் அவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வந்தீங்களா? அந்த மூலையில நிக்குது பாருங்க, அதை முதல்ல ஏத்துங்க" என்று சிலிண்டரைக் காட்டினாள்.

வந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். முன்னால் நின்ற பெண் தராசை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். ஒல்லி. மூக்கில் கண்ணாடி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"பெரியம்மா, நாங்க சிலிண்டரை நிறுக்க வரலை. மிச்சச் சோத்தை நிறுக்க வந்திருக்கோம்."

"மிச்சத்தையா? நிறுத்து யாருக்கு விக்கப் போறீங்க?"

"விக்கறதுக்கு இல்லை. படிக்கறதுக்கு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பின்வாசலில் மிச்சச் சோற்று டிரம்மை என் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு படிப்பை விட்டவன் நான். எங்கள் காலத்தில் சோற்றைத் தின்றோம், தட்டைக் கழுவினோம். அதில் படிக்க ஒரு விஷயம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே தராசு என்று பெயர் வைத்துவிட்டாள் அக்கா. அவளுக்குப் பிள்ளைகளின் நிஜப் பெயர் ஒன்றும் தெரியாது. சாப்பிடுகிற லட்சணத்தை வைத்துத்தான் அடையாளம். கீரை ஒதுக்கி ஒருத்தன். தண்ணிப் பருப்பு ஒருத்தி. பாத்திரத்தின் அடியில் தீய்ந்ததைக் கேட்டு வாங்குகிறவன் அடிச்சட்டி. வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் முழிப்பாள்.

அக்கா குள்ளம். வலது கை இடது கையைவிடப் பருமன். எல்லாம் கரண்டி பிடித்த கை. சமைப்பதைத் தவிர அவள் வேறு வேலை பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் பெரிய கட்டடம் எழும்புகிற இடத்தில் கூலியாட்களுக்குச் சமைத்தாள். தகரக் கொட்டகை, செங்கல் அடுப்பு, கண்ணெல்லாம் புகை. பிறகு ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை. உப்புப் போடாதே, எண்ணெய் ஊற்றாதே என்று தினமும் சீட்டு வரும். "இது சமையல் இல்லைடா, தண்டனை" என்று சொல்லி அதை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் இந்தப் பள்ளிக்கூடம். இங்கே வந்தபோது அவள் மகன் அரைக்கால் சட்டை போட்டிருந்தான். இப்போது அவனுக்கே வழுக்கை விழுகிறது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை தட்டை நீட்டினால் ஒரு முழுக் கரண்டி போடுவாள். பிள்ளை நகரப் பார்க்கும். "நில்லு" என்பாள். இன்னும் அரைக்கரண்டி விழும். வேண்டுமா என்று கேட்கமாட்டாள். வேண்டாம் என்று சொன்னால் காதில் விழாது. ஒல்லியோ குண்டோ, பசியோ காய்ச்சலோ, ஒன்றரைக் கரண்டி என்றால் ஒன்றரைக் கரண்டிதான்.

ஏன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, "கட்டட வேலையாளுங்களுக்குப் போட்டு வந்த கை" என்றாள். இன்னொருமுறை, "ஒரு கரண்டி போட்டா தட்டு பாதி காலியாத் தெரியுது, பார்க்க நல்லா இல்லை" என்றாள். மூன்றாவது முறை, "போடா வேலையைப் பார்த்துக்கிட்டு" என்றாள். எது நிஜம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அத்தான் பஸ் கண்டக்டர். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. உங்க அக்கா ஆறே ரொம்பற மாதிரிப் போடுறா மாப்ளே" என்பார். சொல்லிவிட்டுத் தன் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார். மறைத்த கையின் மேலேயே ஒருநாள் அரைக்கரண்டி விழுந்தது.

தட்டில் மிஞ்சுவதெல்லாம் டிரம்முக்கு வரும். டிரம் எனக்கு வரும். ஊரை ஒட்டிய கால்வாய்க் கரையில் வாத்து வளர்க்கிறேன். அவை தின்று முட்டை போடும். அந்த முட்டையைப் பள்ளிக்கூடமே வாங்கி வாரத்தில் ஒருநாள் வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தராசு வரும்வரை.

பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்தில் உலகத்தின் உணவுப் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் பாடமாம். அக்கா அதைக் கேட்டதும், "பாதுகாப்பா? எங்க சமையலறையில எல்லாத்துக்கும் மூடி இருக்கு, ஈ உட்காராது, வேணும்னா பாரு" என்று திறந்து திறந்து காட்டினாள். அறிவியல் டீச்சர் சின்ன வயசு. நல்ல பெண். ஆனால் வேகமாகப் பேசுவாள். எல்லாருக்கும் எல்லா நாளும் போதுமான சாப்பாடு கிடைக்கிறதா என்பதுதான் பாடம் என்று சொல்லிவிட்டு, மிஞ்சிய சோறு குப்பைமேட்டில் அழுகினால் ஒரு வாயு கிளம்பும், அது வானத்தைச் சூடாக்கும், மாடு ஏப்பம் விட்டாலும் அதே வாயுதான் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் முகம் சரியாக இல்லை.

"டேய், வாத்து ஏப்பம் விடுமா?"

"நான் கேட்டதில்லைக்கா."

"நல்லாக் கவனிச்சுப் பாரு. உன்னால வேற வானம் சூடாகிடப் போகுது."

நான் நிஜமாகவே இரண்டு நாள் கவனித்தேன். ஒன்றும் புரியவில்லை. வாத்து எப்போதும் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதில் ஏப்பம் எது, பேச்சு எது என்று யார் பிரிப்பது?

சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் பிள்ளைகள் இரண்டு பெரிய அட்டைகளை ஒட்டினார்கள். ஒன்றில் வயிறு ஒட்டிய குழந்தை. உலகில் எத்தனையோ கோடிப் பேர் பசியோடு படுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அடுத்ததில் குப்பைத் தொட்டி. விளைகிற உணவில் பெரும்பகுதி வீணாகிறது என்று எழுதியிருந்தது. அக்கா எழுத்துக்கூட்டி இரண்டையும் படித்தாள். பிறகு தராசைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, இந்த அட்டையில பத்தலைன்னு போட்டிருக்கு. அந்த அட்டையில மிஞ்சுதுன்னு போட்டிருக்கு. எது சரி?"

"ரெண்டும் சரி பெரியம்மா."

"அது எப்படி? பத்தலைன்னா எப்படி மிஞ்சும்? மிஞ்சுச்சுன்னா எப்படிப் பத்தாமப் போகும்?"

தராசு கண்ணாடியை மேலே தள்ளினாள். "அது வந்து, மிஞ்சுற இடம் வேற. பத்தாத இடம் வேற."

"அப்போ இது எந்த இடம்?"

தராசு சுவர்ப்பக்கம் திரும்பி அட்டைகளைப் பார்த்தாள். "அதைக் கண்டுபிடிக்கத்தான் நிறுக்கறோம்" என்றாள் கடைசியில்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். இதற்கப்புறம்தான் பாத்திரம் கழுவுகிற சித்தி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். சித்தி என்று எல்லாரும் கூப்பிடுவதால் நானும் கூப்பிடுகிறேன். என்னைவிட இளையவள்தான். அலுவலக அறையில் தேநீர்க் கோப்பை எடுக்கப் போனவள் காதில் விழுந்திருக்கிறது. பள்ளி நிர்வாகம் சமையலறையை மூடிவிட்டு, வெளியே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாப்பாடு வரவழைக்கலாமா என்று யோசிக்கிறதாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி. மேலே ஒட்டிய தாளைக் கிழித்தால் உள்ளே சோறு. மாதக் கடைசிக் கூட்டத்தில் பேசி முடிவு எடுப்பார்களாம். அதே கூட்டத்தில்தான் இந்தப் பிள்ளைகள் தங்கள் கணக்கைப் படித்துக் காட்டப்போகிறார்களாம்.

"அதான் நிறுக்குதுங்க அக்கா" என்றாள் சித்தி. "நீ எவ்ளோ கொட்டுறேன்னு கணக்கு எடுத்து, உன்னைக் கொட்டப் போறாங்க."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேற எங்கேயாவது கிடைக்கும்க்கா" என்றேன்.

"எங்கே கிடைக்கும்? இந்த வயசுல யாரு சேர்ப்பா? வீட்டுல ரெண்டு பேருக்குச் சமைச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணுவேன்? அது சமையலா? அது தாளிக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிடும்."

அடுத்த நாளிலிருந்து ஒரு கரண்டியோடு நிறுத்திப் பார்த்தாள். முடியவில்லை. பிள்ளை நகர்ந்ததும் வாய் தானாக "நில்லு" என்றது, கை தானாகப் போனது. அரைக்கரண்டி விழுந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வரும். தலையில் அடித்துக்கொள்வாள், அடுத்த தட்டுக்கும் அதையே செய்வாள்.

கையைக் கட்ட முடியாது என்று தெரிந்ததும் வேறு வழி பார்த்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொண்டுவந்து நீலத் தொட்டியில் வழிப்பார்கள். அந்தத் தொட்டியைத்தான் தராசு நிறுப்பாள். அக்கா சித்தியைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். "குடு கண்ணு, நான் வாங்கிக்கிறேன். நீ கை கழுவு" என்று கனமான தட்டையெல்லாம் சித்தி வாங்கிக்கொள்வாள். கதவுக்குப் பின்னால் என் டிரம் இருந்தது. தட்டு அங்கே வழிக்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு வேலை மிச்சம், சந்தோஷம். எனக்கு முன்பு எவ்வளவு வந்ததோ அவ்வளவும் வந்தது. நீலத் தொட்டிக்கு மட்டும் பஞ்சம் பிடித்தது.

கூடத்துச் சுவரில் தராசு ஒரு கோடு வரைந்துகொண்டு வந்தாள். கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. முதல் வாரம் பிள்ளைகள் குதித்தார்கள். தாங்கள் ஒட்டிய அட்டையைப் பார்த்துத்தான் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் கைதட்டினாள். அக்காவும் கைதட்டினாள். கூட்டத்துக்குள் கோடு தரையைத் தொட்டுவிட்டால் பிழைத்தேன் என்று அவள் கணக்கு.

கோடு தரையைத் தொட்டது. அங்கேதான் வினை.

கூட்டத்துக்கு முதல் நாள், நான் டிரம்மை எடுக்கப் போயிருந்த நேரம். தராசு தனியாகச் சமையலறைக்குள் வந்தாள். முகத்தில் ஒரு தயக்கம். அக்காவுக்கு நல்லது செய்யப்போகிறோம் என்ற பரிவும் இருந்தது.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு சொல்லு. கோடு இறங்கிடுச்சில்ல?"

"ரொம்ப இறங்கிடுச்சு. இவ்வளவு குறையவே கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. சின்னக் குழந்தைங்க தட்டுல கொஞ்சமாவது மிஞ்சும். ஒண்ணுமே மிஞ்சலைன்னா சாப்பாடு பத்தலைன்னு அர்த்தம். அதனால நாங்க எல்லா வகுப்புலயும் போய்ப் பசிக்குதான்னு கேட்டோம்."

"எப்போ கேட்டீங்க?"

"சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி."

பின்னால் நின்ற சித்தி பாத்திரத்துக்குள் முகத்தை விட்டுச் சிரித்தாள்.

"எல்லாரும் பசிக்குதுன்னுதான் சொன்னாங்க பெரியம்மா. அதான், நாளைக்குக் கூட்டத்துல, நம்ம பள்ளிக்கூடத்துலயே பிள்ளைங்களுக்குப் போதுமான சாப்பாடு கிடைக்கலைன்னு சொல்லப் போறோம். நீங்க அளவைப் பார்த்து ரொம்பக் கம்மியாப் போடுறீங்கன்னு நினைக்கிறோம். இன்னும் கொஞ்சம் கூடப் போட்டீங்கன்னா…"

அவள் முடிக்கவில்லை. அக்கா கையிலிருந்த கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் இறங்கிய சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

"நானா? கம்மியாவா?"

"பெரியம்மா…"

"நான் கம்மியாப் போடுறேனா? ஏய் சித்தி, கேட்டியா? டேய், நீ கேட்டியாடா? நான் கம்மியாப் போடுறேனாம்! என் கையில தட்டை நீட்டிட்டுப் பசின்னு போனவன் எவன்? அவனைக் கூட்டிட்டு வா. இப்பவே கூட்டிட்டு வா!"

"அக்கா, பேசாம விடுக்கா" என்றேன். சமையலறை போய்விடும் என்ற பயம் எனக்கு. அவள் காதில் விழவில்லை. வீணாக்குகிறவள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பிசினாரி என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அந்த டிரம்மை இறக்குடா."

"அக்கா, யோசிச்சுச் சொல்லு."

"இறக்குடான்னா!"

இறக்கினேன். அவளே ஒரு பக்கம் பிடித்து, தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டுபோய், மூலையில் கிடந்த எடைத் தராசின் மேல் வைத்தாள். முள் சுற்றி அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

"பாரு. நல்லாப் பாரு. இன்னைக்கு மிஞ்சினது இது. நேத்தும் இவ்வளவுதான். அதுக்கு முந்தின நாளும். இப்போ சொல்லு, நான் கம்மியாப் போடுறேனா?"

தராசு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். சோறு, பருப்பு, கடித்துப் போட்ட ரொட்டி, கீரை. கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளக்கூட மறந்துபோனாள்.

"இது எங்கே இருந்துச்சு?"

"கதவுக்குப் பின்னால."

"அப்போ நாங்க நிறுத்தது?"

அந்தப் பெண் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நாளைக்குக் கூட்டம். என் கோடு எல்லாம் பொய். நீங்க ஏமாத்திட்டீங்க பெரியம்மா."

"நான் எங்கே ஏமாத்தினேன்? நீ தொட்டியை நிறுத்தே. தொட்டியில இருந்ததைத்தானே நிறுத்தே?"

"நீங்க ஏன் மறைச்சீங்க?"

"நிறைய மிஞ்சினா அடுப்பை மூடிடுவாங்கன்னு மறைச்சேன். நீ இப்போ ஒண்ணுமே மிஞ்சலைன்னு மூட வைக்கப் போறே. நான் என்னதான் பண்றது? மிஞ்சினாலும் குத்தம், மிஞ்சலைன்னாலும் குத்தம்னா, எந்த அளவுலதான்மா என்னை இருக்கச் சொல்றீங்க?"

சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இது எங்கே போகுது?" என்று கேட்டாள். வாத்துக்குப் போகிறது என்றேன். குப்பைமேட்டுக்குப் போகாதா என்றாள். போகாது என்றேன். வாத்து முட்டை எங்கே போகிறது என்றாள். இங்கேதான் வருகிறது என்றேன்.

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "டீச்சர், அப்போ இது வீணா, வீண் இல்லையா?"

"பாதி வீண் இல்லை" என்றாள் டீச்சர். உடனே, "ஆனா மனுஷங்க சாப்பிடுற அரிசியை வாத்துக்குப் போட்டு முட்டை வாங்குறதும் ஒரு வகையில வீண்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குப்பையில அழுகுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். பிறகு அவளும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றாள் சித்தி. "எனக்குத் தட்டு கழுவணும்."

மறுநாள் கூட்டம் நூலக அறையில். நிர்வாகத் தலைவர், பிரின்சிபால், இன்னும் சில பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முட்டி மடங்க உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வாத்துக்காரன் சாட்சி சொல்ல வேண்டுமாம். நான் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போனேன். இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

தராசு எழுந்து சுவரில் கோட்டை மாட்டினாள். பக்கத்தில் டிரம் எடைக்காக ஒரே ஒரு புள்ளி வைத்த இன்னொரு தாளையும் மாட்டினாள். கோடு தரையில் கிடந்தது. புள்ளி கூரையில் இருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா மறைத்ததைச் சொன்னாள். தாங்கள் மணியடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பசிக்கிறதா என்று கேட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது காது சிவந்தது.

தலைவர் கனமான மனிதர். நாற்காலி முனக முன்னால் சாய்ந்தார்.

"சரிம்மா. சுருக்கமாச் சொல்லு. நம்ம பள்ளிக்கூடத்துல சாப்பாடு மிஞ்சுதா, பத்தலையா?"

"தெரியலை சார்."

"இவ்வளவு நாள் நிறுத்தும் தெரியலையா?"

"நிறுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "உங்க வாத்துங்க ஒருநாளைக்கு எவ்வளவு சாப்பிடும்?"

"குடுத்தா சாப்பிட்டுக்கிட்டே இருக்கும் சார்."

"குடுக்கலைன்னா?"

"தேடிச் சாப்பிடும். இல்லைன்னா கத்தும்."

இது கணக்குக்கு உதவாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒன்றரைக் கரண்டி போடுறீங்களாமே. யாருக்கு எவ்வளவு வேணும்னு கேக்கறதே இல்லையா?"

அக்கா எழுந்து நின்றாள். மெதுவாக, "கேட்டா பிள்ளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு வேணாம்னுதான் சொல்லும் சார். அதனால கேக்கறதில்லை" என்றாள். அவள் நான்காவதாகச் சொன்ன காரணம் இது. இதையாவது நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெரியவர் பெட்டிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தார். அதில் எல்லாம் அளவாக இருக்கும், வம்பு இல்லை என்றார். தராசு கையைத் தூக்கினாள். "சார், பெட்டியில மிஞ்சினா அதை யார் நிறுப்பாங்க?" என்று கேட்டாள். அது அக்காவுக்காகக் கேட்ட கேள்வி மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பெரியவருக்குத் தெரியவில்லை. பிரின்சிபாலுக்கும் தெரியவில்லை.

தலைவர் நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "மிஞ்சுதா பத்தலையான்னே தெரியாம எதை மூடுறது, எதைத் திறக்கிறது? அடுத்த பருவம் முழுக்கச் சரியா நிறுங்க. டிரம், தொட்டி எல்லாத்தையும் நிறுங்க. அம்மா, நீங்க ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுப் போடுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"டேய், இப்போ நான் இருக்கேனா, போறேனா?"

"அடுத்த பருவம் வரைக்கும் இருக்கே."

"ஜெயிச்சேனா, தோத்தேனா?"

"அது தெரியலைக்கா. ஆனா அடுப்பு இருக்கு."

"இது என்னடா தீர்ப்பு, தலையும் தெரியலை, வாலும் தெரியலை" என்றாள். இருந்தாலும் நடை கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது. பருப்பு ஊறவைக்கவில்லை என்று நினைவு வந்துவிட்டதாம்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் நானும் போய் நின்றேன். வேலை இல்லை, பார்ப்பதற்காகத்தான். வரிசை வந்தது. அக்காவின் பக்கத்தில் தராசு ஒரு அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது கீரை ஒதுக்கி. அக்கா ஒரு கரண்டி போட்டாள். அவன் வழக்கம்போல நகரப் பார்த்து, வழக்கம்போல நின்றான். அரைக்கரண்டி விழவில்லை. அவன் நிமிர்ந்தான்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் வேணுமா?"

அவனுக்கு இந்தக் கேள்வி புதுசு. அக்காவைப் பார்த்தான். பிறகு பென்சிலைப் பார்த்தான்.

"வேணும்னா குடுப்பீங்களா, இல்லை எழுதிக்குவீங்களா?"

அக்கா தராசைப் பார்த்தாள். தராசு டீச்சரைத் தேடினாள். டீச்சர் கூடத்தில் இல்லை. பின்னால் வரிசை தள்ள ஆரம்பித்தது. "என்ன ஆச்சு? தீர்ந்துபோச்சா?" என்று அடிச்சட்டி கடைசியிலிருந்து கத்தினான். "தீரலை, கேக்கறாங்க!" என்று நடுவிலிருந்து ஒருத்தி கத்தினாள். "என்ன கேக்கறாங்க?" "தெரியலை!"

"ரெண்டும்" என்றாள் தராசு கடைசியில். "குடுப்பாங்க, நான் எழுதிக்குவேன்."

அவன் தட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். பருப்பு சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லு கண்ணு" என்றாள். "எனக்குக் கை வலிக்குது."